சிறுவர் ஓவியப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்துவோருக்கும் நடுவர்களாக அமர்வோருக்கும் வணக்கம்.

‘நம் பண்டிகை’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, கூரை வீடும் மண்பானையும் கரும்பும் உள்ள படத்துக்கே பரிசளிக்கும் வழக்கம் குறித்து எழுதுகிறேன். என்னிடம் ஓவியம் கற்கும் சிறுமி ஒருத்தி ஷார்ஜாவில் வளர்ந்து அண்மையில் இங்கு வந்தவள். பொங்கல் என்றதும் அவள் வரைந்தது கேஸ் அடுப்பின் மேல் ஒரு குக்கரையும், ஜன்னலுக்கு வெளியே தூசி படிந்த ஏசி பெட்டியையும், அதற்கப்பால் மணல் நிறத்தில் கிடந்த வானத்தையும்தான். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று அது ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் இருந்த மண்பானைகளில் பெரும்பாலானவை காலண்டரைப் பார்த்து வரைந்தவை என்பதை நடுவர்களும் அறிவார்கள்.

புகழ்பெற்ற இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கிலும் இப்படி நாடு மாறி வளர்ந்தவர்தான். அவர் 1913இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில், ஹங்கேரியப் பாடகியான தாய்க்கும் சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற சீக்கியத் தந்தைக்கும் பிறந்தார். எட்டு வயதில் சிம்லா, 1924இல் சில மாதங்கள் ஃபுளோரன்ஸ், 16 வயதில் பாரிஸ், 1934இல் மறுபடியும் இந்தியா என்று அவருடைய இளமை இடம் மாறிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டே சிம்லாவின் கலைச் சங்கம் அவருடைய படங்களில் சிலவற்றைத் தள்ளிவிட்டு ஒன்றுக்குப் பரிசு கொடுத்தபோது, அந்தப் பரிசை அவர் திருப்பியனுப்பிவிட்டார். பின்னர் அஜந்தா குகை ஓவியங்களைப் பார்த்து, கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்து, கன்னியாகுமரி வரை வந்து திரும்பியவர் 1937இல் ‘பிரம்மச்சாரிகள்’ என்ற ஓவியத்தை வரைந்தார். வெள்ளை வேட்டியில் அமர்ந்திருக்கும் அந்த இளைஞர்களின் மேனி நிறம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கவனியுங்கள். உடலைக் கட்டி நிறுத்தும் முறை பாரிஸில் பயின்றது. உருவங்களை நெருக்கி அமர்த்தும் அமைதி அஜந்தாவின் சாயல் கொண்டது. நாம் பார்த்துப் பழகி, பார்ப்பதையே விட்டுவிட்ட ஒன்றை, வெளியிலிருந்து வந்த கண் நின்று பார்த்திருக்கிறது. அந்தக் கண்ணில் அயல்நாடு எது, சொந்த நாடு எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

நாடு மாறினாலே கலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஷெர்கில் குடும்பத்துக்கு வசதி இருந்தது. அப்பாவின் வேலை போனதால் ஆண்டின் நடுவே பள்ளியை விட்டு ஊர் திரும்பும் பிள்ளைக்கு அது இல்லை. தோழிகளையும் தமிழ்ப் பாடத்தில் மதிப்பெண்ணையும் ஒருசேர இழந்து நிற்பவளிடம், அவள் கண்ட வானத்தின் நிறமும் தவறு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே, படத்தின் பின்புறம் அது எந்த இடம், யார் வீடு என்று ஓரிரு வரி எழுதப் பிள்ளைகளை அனுமதியுங்கள். மதிப்பெண் போடுமுன் அதைப் படியுங்கள். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று எந்தப் படத்தையும் ஒதுக்குமுன், வரைந்த பிள்ளையை அழைத்து ஒரு கேள்வியாவது கேளுங்கள். வரும் தைப்பொங்கல் போட்டியிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்