மாலுமியின் சம்பளத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்கக் கடற்படையின் தொடக்க காலம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கப்பல்களையும் சண்டைகளையும் கண்முன் நிறுத்தியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அந்தக் கப்பல்களில் ஏறியவர்களை யார் நியமித்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. வணிகக் கப்பல்களில் 26 ஆண்டுகள் உழைத்த எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின்போது, 1775 டிசம்பரில் கடற்படையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டவர் ஈசெக் ஹாப்கின்ஸ். அவரது அண்ணன் ஸ்டீபன், காங்கிரஸ் என்ற அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் சபை அமைத்த கடற்படைக் குழுவின் உறுப்பினர். முதல் நான்கு கேப்டன்களில் ஒருவர் ஈசெக்கின் மகன். இன்னொருவர், அதே குழுவில் இருந்த சைலஸ் டீனின் மைத்துனர். அடுத்த ஆண்டு வெளியான கேப்டன்களின் பதவி மூப்புப் பட்டியலில், பின்னாளில் கடற்படை வீரராகப் பெரும் புகழ்பெற்ற ஜான் பால் ஜோன்ஸுக்குக் கிடைத்தது 18-ஆவது இடம். அவர் குமுறியதில் என்ன தவறு?

மாலுமிக்கு மூன்று மாதம் உழைத்தால் 20 டாலர். வணிகக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் கப்பலில் இருந்தவர்களுக்கு. அரசின் அனுமதிப் பத்திரத்தோடு எதிரிக் கப்பல்களைப் பிடிக்கப் போன தனியார் கப்பல்களிலோ, பிடித்தது முழுவதும் முதலாளிக்கும் மாலுமிகளுக்கும்தான். ஆட்கள் அங்கே போனார்கள். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் ஆளில்லாமல் கிடந்தன. தனியார் கப்பலுக்குப் போனவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒருமுறை ஐந்து மாதச் சம்பளம் வராமல் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் நங்கூரமிட்டுக் காத்திருந்தோம். துருவைச் சுரண்டக்கூட யாருக்கும் கை எழவில்லை.

1794 மார்ச் 27-ஆம் தேதிச் சட்டம் இதில் பாடம் கற்றிருக்கிறது. ஆறு போர்க்கப்பல்களுக்கு அனுமதி தந்த அதே சட்டத்தில் கேப்டனுக்கு மாதம் 75 டாலர், லெப்டினன்டுக்கு 40 என்று எழுதிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அரை பைண்ட் அரிசி என்று சாப்பாட்டையும் கிழமைவாரியாக வகுத்தார்கள். பதவி மூப்புச் சண்டை மட்டும் ஓயவில்லை. புதிய கேப்டன்கள் பட்டியலில் சைலஸ் டால்பட் என்பவருக்குக் கீழே தன்னை வைத்ததால், விடுதலைப் போரில் கடற்படை அதிகாரியாக இருந்த ஜோஷுவா பார்னி கேப்டன் பதவியையே மறுத்துவிட்டு, பின்னர் பிரெஞ்சுக் கடற்படைக்குப் போனார்.

இதையெல்லாம் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்,
தூத்துக்குடி