மணற்காட்டுக்கு ஒரு நடைபாதை கேட்டு

வடக்கு மாகாணத்தில் சுற்றுலாவுக்கும் சுற்றாடலுக்கும் பொறுப்பாக உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் கரையோர ஊரான மணற்காட்டின் மணல்மேடுகளைக் காக்க ஒரு நடைபாதை கேட்டு எழுதுகிறேன். கடந்த ஆடி மாதம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். மருமகன் எங்களை அந்நாட்டின் நட்டநடுவே உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து மேற்கே நீளும் மெக்டொனல் மலைத்தொடர் ஒரு தேசியப் பூங்கா. அந்த மண்ணுக்குரிய அரெர்ண்டே மக்கள் அதை ஜொரிட்ஜா என்கிறார்கள். அங்கே பார்த்த ஒன்றைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஊர் திரும்பியதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாலைவனம் என்றதும் நான் எதிர்பார்த்தது வெறும் மணல். பார்த்ததோ செம்பாறை மலைகள், அவற்றைப் பிளந்துகொண்டு போகும் இடுக்குகள், பல இடுக்குகளின் அடியில் ஒரு மடு. ஓர்மிஸ்டன் இடுக்கில் இருக்கும் மடு கோடையிலும் அநேகமாக வற்றுவதில்லை. எல்லரி ஓடையின் பெருமடுவில் கால் வைத்தேன், எலும்பு வரை குளிர்ந்தது. ஆற்றுப் படுகைகளில் மட்டும் தண்ணீரைக் காணவில்லை. மருமகன் விளக்கினார்: "மாமி, ஆறு வத்தேல்லை, மணலுக்குக் கீழே ஓடுது." கரையில் நிற்கும் பெரிய மரங்கள் அந்த நீரில்தான் வாழ்கின்றன.

எனக்கு உடனே பூவல் நினைவுக்கு வந்தது. எங்கள் கரையோரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரை அள்ளிக் குடித்துத்தானே வளர்ந்தோம்? மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள கனமான உப்புநீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. மேலே உள்ள மணலை அள்ளிவிட்டால் அந்தப் படை மெலியும், உப்பு மேலேறும். வற்றாத ஆறு இல்லாத எங்கள் குடாநாட்டில் மணற்காட்டின் மணல்மேடுகளும் ஒரு தண்ணீர்த் தாங்கிதான்.

அங்கே மடுக்களை எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்டால், மனிதரை நடக்க வைத்து. அந்த மலைத்தொடர் வழியே போகும் லராபிண்டா நடைபாதை 220 கிலோமீட்டருக்கு மேல், 12 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டச் சின்ன நீல முக்கோணங்கள், இடையிடையே தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருக்கிறார்கள். ஓர்மிஸ்டனில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றும் உண்டு. எனக்கு முழங்கால் வலி, அதனால் குன்றின் மேலிருக்கும் பார்வையிடம் வரைக்கும்தான் போனேன். அதுவே போதுமாக இருந்தது. பலகைகளில் அரெர்ண்டேப் பெயர்களும் இருக்கின்றன. ஓர்மிஸ்டனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் குவார்ட்டத்துமா.

இப்போது மணற்காட்டுக்கு வருவோம். சவுக்கங்காட்டின் நிழலும் மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும் மேடேறினால் தெரியும் கடலும் யாருக்கும் மறக்காது. ஆனால் வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. மோட்டார் சைக்கிள்கள் மேட்டில் ஏறுகின்றன, பிளாஸ்டிக் போத்தல்கள் மணலுக்குள் புதைகின்றன. இரவில் டிப்பர்கள் மணலோடு போகும் சத்தம் கேட்டவர்கள் நாங்கள். ஒரு மேடு போனால் அது எங்கள் ஆயுளில் திரும்பி வராது.

நான் கேட்பது பெரிய கட்டடமோ, மேட்டுக்கு மேல் தார் றோட்டோ இல்லை. சவுக்கங்காட்டிலிருந்து கோயில் சுவர் வழியாகக் கடற்கரைக்குப் போகும் ஒரேயொரு நடைபாதை போதும். மரக்கட்டைகளால் அடையாளம் இடுங்கள். வாகனங்களைக் காட்டின் ஓரத்திலேயே நிறுத்துங்கள். பூவல் என்றால் என்ன, மணல் ஏன் தண்ணீர் என்பதை முதலில் தமிழிலும் பிறகு மற்ற மொழிகளிலும் பலகையில் எழுதுங்கள். சித்திரை வெயிலில் காலை 10 மணிக்குப் பின் நடக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் வற்றார்க்கா என்ற இன்னொரு பூங்காவில், வெப்பம் 36 பாகை செல்சியஸைத் தொடும் நாளில் பள்ளத்தாக்கின் விளிம்பு நடையை 9 மணிக்கு முன் தொடங்கிவிட வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாதை எந்த வழியாகப் போகலாம் என்று அந்தக் கரையில் வாழும் மீனவக் குடும்பங்களைக் கேளுங்கள். 2004 சுனாமியைக் கண்டவர்கள் அவர்கள். எந்த மேடு எவ்வளவு உயரம் இருந்தது, எந்தப் பூவலின் தண்ணீர் இன்னும் இனிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் அளவெடுக்க வரும் நாளைச் சொல்லுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரோடு நானும் வருகிறேன், பலகைக்கான வாசகங்களை எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
வடமராட்சி ஆசிரியை ஒருத்தி