தேக்சாவில் சோடா போடாதே, மல்லி

அம்மாப்பேட்டை,
சேலம்

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு மூட்டு வலி பரவாயில்லையா? சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா?

கோமதி நேற்று ராத்திரி போன் பண்ணினாள். உங்கள் அம்மாவின் பெரிய தேக்சாவில் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டதாமே. அதற்கு நீ சலவை சோடா வாங்கி வைத்திருக்கிறாய் என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன்னைக் கூப்பிட்டு "சோடா போடாதே" என்று ஆரம்பிப்பதற்குள் டவர் போய்விட்டது. அனுப்பிய செய்திக்கும் ஒற்றை டிக்தான். காலை பஸ்ஸில் சுந்தரம் ஏற்காடு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்படிக்குப் போ.

அந்தத் தேக்சா அலுமினியம். சோடா அலுமினியத்தைத் தின்னும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. சூடான சோடாத் தண்ணீர் முதலில் அதைக் கரைக்கும், பிறகு உள்ளே இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். நுரை நுரையாகப் பொங்கி வரும்போது அழுக்குதான் போகிறது என்று தோன்றும். பாத்திரமும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும், மிச்சம் கறுத்துப்போகும். நீ குடியிருக்கிற சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மண்தானே மேட்டூருக்கு அலுமினியம் எடுக்கப் போனது? அந்த மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துப் பிரிக்கவே காஸ்டிக் சோடாவில்தான் காய்ச்சுவார்கள். சலவை சோடா அவ்வளவு கடுமையில்லை, ஆனால் அதே குணம்.

உனக்குச் செய்ய வேண்டியது இதுதான். கரி மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து விட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்க விடு. இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து தள்ளு. வராவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஊற வை. மறுபடி ஒரு கொதி. புளித்தண்ணீரை மட்டும் ராத்திரி முழுக்க அதில் விட்டுவைக்காதே, அதுவும் அரிக்கும். கம்பி நார் வேண்டாம். தேங்காய் நார் போதும், அல்லது உங்கள் வேலியில் காய்கிற பீர்க்கங்காய் முற்றினால் அதன் கூடு.

பருப்பு ஏன் பிடித்தது தெரியுமா? உன்னுடைய "அஞ்சு நிமிஷம்"தான் காரணம் என்று கோமதி சிரித்தாள். பாதிதான் உண்மை. அங்கே கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக இங்கேவிட நேரமாகும். அதற்குள் தண்ணீர் வற்றிவிடுகிறது. பருப்புக்குக் குக்கரையே வை, ஹாஸ்டல் நாள் போல வீம்பு பிடிக்காதே.

சோடா கெட்டதே இல்லை, எவர்சில்வருக்கு அது தெய்வம். போன வாரம் நாத்தனார் மகள் வளைகாப்பில் கண்ணால் பார்த்தேன். ஜவ்வரிசிப் பாயசம், பெரிய எவர்சில்வர் குண்டா. கிளறுகிற பையன் போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டான். ஜவ்வரிசி அடியில் இறங்கிப் பசையாகி ஒட்டிக்கொண்டது, அதன்மேல் பாலும் சர்க்கரையும் கருகி ஒரு விரற்கடை கனத்துக்குத் தார் மாதிரி இறுகிவிட்டது. சமையல் ஒப்பந்தக்காரர், பாத்திரம் விளக்க வந்த அம்மாளிடம் "இன்னைக்கே பளிச்சுன்னு ஆகணும்" என்று கத்துகிறார். அந்த அம்மாள் ராத்திரி பத்து மணிக்குக் கம்பி நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கீறல், சோப்புத் தண்ணீரில் ரத்தம் கலந்து போகிறது. போதாக்குறைக்கு ஒருவர் பாத்ரூம் ஆசிடைத் தூக்கிக்கொண்டு வருகிறார்! எவர்சில்வரில் இருக்கும் குரோமியம்தான் அதைத் துருவிலிருந்து காக்கிறது, ஆசிட் அந்தக் காப்பைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். இரும்பாலையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து உன் அப்பா நமக்குச் சொன்னதுதானே இதெல்லாம். சாதாரணத் தூள் உப்புகூட கரையாமல் அடியில் கிடந்தால் குழி விழும் என்பாரே. அந்த ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் வரும் புகை ஆளையே கொல்லும்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை, மல்லி. ஆசிடைப் பிடுங்கி வெளியே வைத்தேன். அந்த அம்மாளை எழுப்பிக் கையில் தேங்காய் எண்ணெய் தடவி உட்கார வைத்தேன். குண்டாவில் தண்ணீர் ஊற்றி இரண்டு கை சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்து, மூடி வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் மரக்கரண்டியை விட்டதும் அந்தக் கரி அப்படியே தோசை போலக் கழன்று வந்தது. நாரே தேவைப்படவில்லை. சூடும் சோடாவும் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்துவிடுகிற வேலைக்கு ஒரு பெண்ணின் விரலைக் கிழிக்க வேண்டுமா? அந்த ஒப்பந்தக்காரர் கூலியில் பிடித்தம் செய்யப் பார்த்தார். மாமா விடவில்லை, முழுசாக வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் வேலை செய்கிற மற்ற வீடுகளிலும் போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

இன்னொன்று. கரி போகவில்லை என்று தேக்சாவைப் பழைய பாத்திரக்காரனுக்கு எடை போட்டுவிடாதே. நம் இரண்டு வீட்டுத் திருவிழாக் கூழும் அதில்தான் காய்ச்சினார்கள். காது ஆடுகிறது என்றாயே, கோமதி ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது கொடுத்துவிடு, இங்கே கடைவீதியில் ரிவிட் அடித்து வாங்கி வைக்கிறேன். கூடவே உங்கள் தோட்டத்து மிளகு கொஞ்சம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரசு