‘இதே துப்பாக்கிதான்’

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து மறுபடியும் நீதிமன்றம் செல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்பதறிந்து மகிழ்ந்தேன். துப்பாக்கி நிபுணரின் சாட்சியத்தை அமெரிக்க மாநிலங்களில் இப்போது எப்படி மதிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மேரிலாந்து உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் வழங்கிய அப்ருகுவா தீர்ப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிபுணரின் முறை அத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதா என்று மட்டும் பார்த்துவந்த அந்நீதிமன்றம், 2020-இல், அம்முறை சோதிக்கப்பட்டதா, அதன் பிழை விகிதம் என்ன என்றும் கேட்கும் டாபர்ட் அளவுகோலுக்கு மாறியது. அப்ருகுவா வழக்கில், கொலை நடந்த இடத்தில் கிடைத்த குண்டுகள் குற்றம் சாட்டப்பட்ட அப்ருகுவாவின் துப்பாக்கியிலிருந்தே வெளிவந்தவை என்று நிபுணர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். குண்டுகளில் பதிந்த கீறல்கள் அத்துப்பாக்கியோடு ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அவர் சொல்லியிருக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி மேத்யூ ஃபேடர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நான்குக்கு மூன்று என்ற மயிரிழைப் பெரும்பான்மைதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பிழை விகிதம் பற்றிய பகுதி. நிபுணர்களைச் சோதித்த ஆய்வுகளில் ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’ என்பவற்றோடு ‘முடிவுசெய்ய இயலவில்லை’ என்ற மூன்றாவது விடையும் உண்டு. அதைப் பிழையாக எண்ணாவிட்டால் விகிதம் மிகச் சிறியதாகத் தெரிகிறது. எண்ணினால் பன்மடங்கு ஏறுகிறது. கடினமான கேள்விகளையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டு, எழுதியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் கேட்கும் மாணவனைப் போன்றதுதான் இது. சட்டக் கல்லூரியில் நாமே செய்து பார்த்த தந்திரம்! போதாததற்கு, ஒரே கருவியால் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட துப்பாக்கிக் குழாய்கள் ஒன்றுபோன்ற கீறல்களைக் குண்டில் பதிக்கவும் கூடும்.

குறைகளைக் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணரலாம், மதிப்பிடுவது ஜூரியின் வேலை என்பது மறுதரப்பு வாதம். எனக்கு அது முழுதாக ஏற்புடையதன்று. விடையே இல்லாத கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் சாட்சி எதைச் சொல்லிவிட முடியும்? ஆனால் ‘ஒத்துப்போகிறது’ என்ற சொல்லையும் ஜூரி ‘அதே துப்பாக்கி’ என்றே கேட்டுக்கொள்ளாதா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை.

நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்ற, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவை வைத்தே காலம் தள்ளியவர் நீங்கள். அத்தகைய நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்ய நேர்ந்தால் உங்கள் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய வகுப்புத் தோழன்