வைகையின் கடைமடையிலிருந்து ஒரு நன்றி மடல்

வைகை முகத்துவாரத்தில் எங்களோடு நின்ற அனைவருக்கும்,

வணக்கம். தண்ணீர் வரும் வாய்க்காலான எங்கள் வரத்துக்காலில் கழிவு கொட்டுவது நின்று ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. உதவியவர்களுக்கு எழுத்தில் நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தெரியும்.

எங்கள் கரையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருசநாட்டு மலையில் பிறந்து, தேனியும் மதுரையும் மானாமதுரையும் பரமக்குடியும் தாண்டி 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகைக்கு நாங்கள்தான் கடைசி. விரகனூரில் ஒரு மதகணை, பார்த்திபனூரில் ஒரு மதகணை, பிறகு ராமநாதபுரம் பெரிய கண்மாய். அது நிறைந்து கலுங்கு வழியே உபரி நீர் பாய்ந்தால்தான் ஆறு ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வந்து, வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாவைத் தொடும். பல வருஷம் தொடுவதே இல்லை. அழகன்குளத்தில் தோண்டி எடுத்த ரோமானியக் காசுகளைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் இந்த முகத்துவாரத்தை நம்பிக் கப்பல் வந்தது என்பதை நம்பவே சிரமமாக இருக்கும்.

தண்ணீர் இல்லாத ஆற்றில் சாக்கடை இறங்கினால் அது கரைந்து போக வழியே கிடையாது. மதுரைக்குள் வாய்க்கால் வாய்க்காலாக இறங்குவது அங்கேயே தேங்குகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் வெள்ளம் அடிக்கும்போது தேங்கியது எல்லாம் மொத்தமாகக் கிளம்பிக் கீழே வருகிறது. வழியில் கண்மாய்கள் வாங்கிக்கொண்டது போக மிச்சம் எங்களுக்கு. அது போதாதென்று எங்கள் எல்லையிலேயே இரண்டு சேர்ந்துகொண்டன. ஒன்று, ராத்திரியில் வந்து வரத்துக்காலில் குழாயைத் திறந்துவிடும் கழிவுநீர் லாரிகள். இன்னொன்று, நண்டு வேகவைக்கும் கொட்டகைகளின் தண்ணீர். கைக்கு எட்டுவதை முதலில் பிடிப்போம் என்றுதான் இந்த இரண்டில் இறங்கினோம்.

முதல் நன்றி, கழிவுநீர் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவருக்கு. அவரை யாரும் மடக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் கூட்டம் நடப்பதைக் கேள்விப்பட்டுத் தானாக வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "நாங்க ஏன் இங்க கொட்டுறோம்னு யாராச்சும் கேட்டீங்களாண்ணே?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கூட்டம் முழுதும் வாயடைத்துக் கேட்டது. சம்பளம் நடைக்கு இவ்வளவு என்றுதான். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் தூரம், டீசல், வரிசையில் காத்துக் கிடக்கும் நேரம். ஒரு நடை அங்கே போகிற நேரத்தில் வரத்துக்காலில் மூன்று நடை முடிந்துவிடும். முதலாளி எங்கே கொட்டினாய் என்று கேட்பதில்லை, எத்தனை நடை என்றுதான் கேட்கிறார். எந்த எந்த இடத்தில் எந்த நேரத்தில் லாரி திரும்பும் என்று அன்றைக்கே தாளில் வரைந்து கொடுத்தார். அந்தத் தாள் இல்லையென்றால் நாங்கள் இன்னும் லாரிகளைத் துரத்திக்கொண்டுதான் இருந்திருப்போம். கூலியை நடைக்கு இல்லாமல் நாளுக்குக் கொடுங்கள், கொட்டிய இடத்தின் ரசீதை வாங்கி வையுங்கள் என்று லாரி உரிமையாளர்களிடம் நாங்கள் வைத்த கோரிக்கை அந்தத் தம்பி வாயிலிருந்து வந்தது. வேலை போய்விடும் என்று தெரிந்தே பேசினார். வேலை போகவில்லை, போயிருந்தால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவரோடு வந்த உதவியாள் பையனுக்கும் நன்றி. செப்டிக் டேங்கில் இறங்கச் சொன்னால் இறங்காதே என்று நாங்கள் அவனிடம் சொன்னோம். "இறங்கலைன்னா வேற ஆளை இறக்குவாங்க" என்றான். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி தகுந்த பாதுகாப்பில்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம். உள்ளே விஷவாயுவில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. இதைத் தமிழில் தட்டியாக எழுதி லாரி நிற்கும் இடத்திலேயே வைத்தது அவன் யோசனை. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று பேசும் எல்லாருக்கும் இந்தப் பையன்கள்தான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, ஒரு அரசுப் பள்ளியின் வேதியியல் டீச்சருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும். "தண்ணி கெட்டுப்போச்சு" என்று நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அது பேச்சுதான். அதை ஒரு பாட்டிலுக்குள் காட்டியவர் டீச்சர். காற்றுக் குமிழி புகாமல் தண்ணீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சில சொட்டு விட்டு மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். விடிவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சு விட்டு முடித்த நேரம் அது, ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம். அந்த இருட்டில் டார்ச் வெளிச்சத்தோடு பிள்ளைகள் வந்தார்கள். லாரி கொட்டும் இடத்துக்குக் கீழே எடுத்த பாட்டில் வெள்ளையாக நின்றது. மேலே எடுத்தது பழுப்பாக மாறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் விளக்கியபோது, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். குளிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதை இன்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

மாதிரிகளை முறைப்படி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கையை எங்கள் கையில் தமிழில் விளக்கிய இளம் பொறியாளர் அம்மாவுக்கு நன்றி. அலுவலகத்தில் உட்கார்ந்தே முடித்திருக்கலாம். முழங்கால் சேற்றில் இறங்கினார்.

நண்டுக் கொட்டகைகளைப் பற்றி எழுதும்போது கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்கள் பல பேருக்கு அதுதான் சோறு. நீலக்கால் நண்டை வேகவைத்துச் சதையைப் பிரித்து அனுப்பினால் அது அமெரிக்கா வரை போகிறது. வேகவைத்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் மட்டும் எங்கும் போகாமல் வரத்துக்காலில் நிற்கும். கொட்டகையை மூடு என்று கோஷம் போடுவது சுலபம். மூடாமலே சரிசெய்ய முடியும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அங்கே சதை பிரிக்கும் அக்காக்கள். எந்தத் தொட்டியிலிருந்து எந்த நேரம் எவ்வளவு இறங்குகிறது, துண்டும் ஓடும் எங்கே சேர்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கண்ணி சிறிய வலை ஒன்றை வாய்க்காலில் மாட்டினால் பாதித் தொல்லை அங்கேயே நிற்கும் என்று சொன்னது அவர்கள். கொட்டகைக்காரர்களில் முதலில் மனமிறங்கி, வலையும் கொழுப்பு மிதக்கும் தொட்டியும் படிய வைக்கும் தொட்டியும் கட்டிய அண்ணனுக்குத் தனியாக நன்றி. ஓட்டைக் காயவைத்துத் தென்னைக்குப் போட ஆரம்பித்த பிறகு நாற்றமும் குறைந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். இன்னும் கட்டாத சிலரும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடல்பாசி எடுக்கும் அம்மாக்களை எப்படி விடுவது? மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடல்பாசிகளைப் பறிக்க மூழ்கி எழும் அவர்கள் உடம்புக்குத்தான் எல்லாம் முதலில் தெரிகிறது. எந்தப் பக்கம் இறங்கினால் அரிக்கிறது, எந்தப் பக்கம் கடல்தாழை என்ற கடல்புல் மேல் வழவழவென்று பாசி ஏறிக் கிடக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் மாதிரி எடுக்கும் இடங்களே முடிவாயின. 2019இல் மண்டபம் பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கடலைப் பச்சையாக்கும் இந்த நுண்பாசிப் பெருக்கத்தைப் பூங்கோரை என்போம்; அது வருவதற்குக் காற்று, நீரோட்டம் என்று பல காரணம் உண்டு. ஆனால் கரையிலிருந்து நாம் அனுப்பும் சாக்கடைச் சத்து கடலில் பாசிக்குத் தீனி என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை, விஞ்ஞானிகளுக்கும் சந்தேகமில்லை.

கூலி வாங்காமல் வந்த வக்கீல் அண்ணனுக்கு நன்றி. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும், நொய்யலுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவையும் எங்கள் வேப்பமரத்தடியில் கதை மாதிரி சொன்னார். கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது என்று தெரிந்ததும், மனு எழுதிய கைகளுக்கு ஒரு தெம்பு வந்தது. வழக்குக்குப் போகாமலே பேசி முடிந்ததில் அவருக்குத்தான் எங்களைவிட மகிழ்ச்சி.

மதுரையில் ஆற்றைச் சுத்தம் செய்யும் நண்பர்களே, உங்களை நாங்கள் நேரில் பார்த்தது குறைவு. எந்த வாய்க்கால் எங்கே ஆற்றில் விழுகிறது என்று நீங்கள் நடந்து குறித்த விவரத்தைக் கேட்டதும் கொடுத்தீர்கள். மேலே தண்ணீர் திறந்த சேதியைப் போனில் சொன்னீர்கள். அந்தச் சேதி வந்த பிறகுதான் எங்கள் பெண்கள் மணலில் தோண்டிய ஊத்துகளைச் சுற்றி வரப்பு போட்டுக் காத்தார்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போய் அந்த ஊத்துகளில்தான் இறைக்கிறோம். உங்கள் ஒரு போன் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று இப்போது புரியும்.

ஜும்மாவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்த ஜமாஅத்துக்கும், பூசை முடிந்து பேசிய பங்குத்தந்தைக்கும், கோவில் திடலைக் கூட்டத்துக்குக் கொடுத்த பெரியவர்களுக்கும், மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பிய ஊர்ப் பிள்ளைகளுக்கும் நன்றி. ராத்திரிக் காவலுக்கு டீ போட்டுக் கொடுத்து காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும்.

வேலை முடிந்துவிட்டது என்று எழுத முடியாது. லாரிகளில் ஜிபிஎஸ் பொருத்துவதற்குச் சம்மதம் கிடைத்திருக்கிறது, எல்லா வண்டியிலும் இன்னும் பொருத்தவில்லை. நம் கரைக்குப் பக்கத்திலேயே கசடு இறக்க ஒரு இடம் வேண்டும் என்ற மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. அது வராதவரை ஓட்டுநர்களுக்குத் தூரம் தூரமாகவேதான் இருக்கும். வசூலில் மிஞ்சிய பணத்தில் டீச்சரின் பள்ளிக்குப் பாட்டில்களும் ரசாயனமும் வாங்கியாகிவிட்டது. கணக்கு ஊர்ப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கார்த்திகையில் ஆறு வந்தால் மறுபடி விடிவதற்கு முன் தண்ணீர் எடுக்கிறோம். மதுரை நண்பர்கள் இந்தத் தடவை அவசியம் வர வேண்டும். தங்க இடமும் மீன்குழம்பும் எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
வைகை முகத்துவாரக் கரை ஊர் மக்கள் சார்பாக