மணிக்கட்டைப் பார்த்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? ஆடி போய் ஆவணியும் முடிந்துவிட்டது. போன் அடித்து அடித்து நிற்கிறது. வேலை இருக்கும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கொல்லைத் தென்னையை வெட்டியாயிற்று.

நீ பறை அடிக்கிற வீடியோவைச் சித்தி காட்டினாள். அவளுக்கு அனுப்பியிருக்கிறாய், சரி. நான் முதலில் பார்த்தது உன் மணிக்கட்டைத்தான். சிம்புக்குச்சியை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறாய். ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு. சின்ன வயசில் மிருதங்கம் வாசிக்கும்போதும் அங்கேதான் வலிக்கும் உனக்கு.

முதல் நாள் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒன்றும் சேரவில்லை. இரைச்சல் என்று அணைத்துவிட்டேன். நாற்பது வருஷமாக மிருதங்கத்தில் வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்ட காது. பத்துப் பேர் ஒரே அடியாக இறக்கும்போது வருகிற கனம் அதற்குப் பிடிபடவில்லை. நாலைந்து நாள் கழித்து எழுந்து நின்று கேட்டேன். மூன்று மூன்றாக விழுகிற திஸ்ரம் காலில் ஏறியது. உட்கார்ந்து கேட்கிற வாத்தியமே இல்லை அது. சப்பரத்தடி என்கிற அந்த அடிமுறையில் ஒரு அடியை விட்டுவிட்டு அடுத்ததில் வந்து விழுகிறாயே, அப்படி ஒரு இடத்துக்காக எத்தனை தனி ஆவர்த்தனம் காத்திருந்திருக்கிறேன்! என் மகள். ஆனாலும் போனை எடுத்திருக்கலாம். மணிக்கட்டு வீங்கினால் டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

பொங்கலுக்கு நீ பறையோடு வந்து நின்றபோது, 'அது திண்ணையிலேயே இருக்கட்டும்' என்றேன். சாவு மேளம் என்று காரணமும் சொன்னேன். நீ பதில் பேசவில்லை.

மிருதங்கத்துக்கு வார் பிடிக்க, தோல் மூட்டு மாற்ற, நடுவே கரும்பொட்டாகச் சாதம் போட வருவாரே பெரியவர், அவரையும் திண்ணையோடுதான் நிறுத்தினேன். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். 'அது ஏம்ப்பா தனியா இருக்கு' என்று நீ கேட்டாய். 'வாத்தியத்தைப் பார்' என்று அதட்டினேன். ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிற மிருதங்கம் பூஜை அறையில். அந்தத் தோலைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக் கொடுத்தவர் வெயிலில். அவர் காதுக்குக் கேட்ட சுருதி எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. போன மாதம் அவர் ஊருக்குப் போனேன். அவர் இல்லை, இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம். அவர் மகன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தான். குடிக்க முடியவில்லை பாப்பா.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா? பறையையும் கொண்டு வா. ஐப்பசி ஈரத்தில் திண்ணை தோலுக்கு ஆகாது. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். பறையைக் காய்ச்சுவதற்கு வைக்கோல் ஒரு கட்டு கொல்லையில் நனையாமல் மூடி வைத்திருக்கிறது.

எண்ணெய் தடவ மறக்காதே.

அப்பா