முட்டி போன பையனுக்கு யார் பொறுப்பு?

சத்துவாச்சாரி, வேலூர்
வைகாசி 18

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதித்தது தப்புதான். இங்கே எல்லாரும் சுகம். கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. அம்மா உன்னை விசாரித்தாள், ஆற்காட்டுப் பக்கம் வந்தால் மக்கன் பேடா வாங்காமல் வரக் கூடாதாம். நீ வழக்கம்போல மறந்துவிட்டு வந்து அசடு வழிவாய் என்றும் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குடியாத்தம் சிரசுத் திருவிழாவை ஒட்டி நீங்கள் நடத்திய கபடியில் அந்தப் பையனுக்கு முட்டி போனதையும், கமிட்டி உண்டியல் குலுக்கி இருபதாயிரம் சேர்த்ததையும், "இதுக்கு மேல யார் குடுக்கணும்?" என்று வாத்தியார் கேட்டதையும் எழுதியிருந்தாய். சரியான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் முட்டியைப் பார்க்க வேண்டும்.

எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டில் கால் ஊன்றித் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்தார்கள், உள்ளே 'டப்' என்று கேட்டது, இரண்டு மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கியது என்கிறாய். பாதம் தரையில் நிற்க, அதன்மேல் தொடை சுழன்றால் முதலில் போவது, முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற ஏ.சி.எல். ஜவ்வு. அத்தனை சீக்கிரம் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். புத்தூர் கட்டு போட்டாயிற்று என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு பதறியது. எலும்பு முறிந்தால் நம் பக்கத்து ஆட்கள் தலைமுறையாகப் போகிற கட்டு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஜவ்வு கட்டுக்குள் ஒட்டாது. மூட்டு நீர் சுற்றிலும் இருப்பதால் கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தக்கட்டி நிலைத்து நிற்பதில்லை. முட்டியை அசைக்காமல் கட்டி வைக்கிற ஒவ்வொரு வாரமும் தொடைச் சதை கரையும். உடனே கட்டைப் பிரித்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் உள்ளே மெனிஸ்கஸ் குருத்தெலும்பு மடிந்து சிக்கியிருக்கலாம், அப்படியானால் ஒரு நாளும் தள்ளாதே.

பூட்டிக்கொள்ளவில்லை என்றால், வீக்கம் வடிந்து கால் முழுசாக நீள வந்த பிறகு அறுவை சிகிச்சை. பின்தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் புது ஜவ்வாக வைப்பார்கள். அந்த நார் எலும்போடு ஒன்றி உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கினால் மறுபடி கிழிகிற வாய்ப்பு கூடும். ஒற்றைக்கால் தாவலிலும் தொடை பலத்திலும் காயம்பட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். அறுவை, ஒன்பது மாத பிசியோ, அத்தனை மாத வருமான இழப்பு, மூன்றையும் கூட்டிப் பார். இருபதாயிரம் எந்த மூலைக்கு?

இப்போது வாத்தியாருக்குப் பதில். "விளையாட வந்தவன் அடிபடும்னு தெரிஞ்சுதானே வந்தான்" என்கிறார். பாதி உண்மை. பிடி விழும், சாய்ப்பார்கள், அதற்கு அவன் சம்மதித்துதான் எதிர்க்களத்துக்குள் கபடி பாடிப் போனான். இணைப்பு விலகிய மேட் விரிப்புக்குச் சம்மதித்தானா? ராத்திரி பதினொரு மணிக்கு நாலாவது மேட்ச் ஆட வைத்ததற்குச் சம்மதித்தானா? மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ கவ்விப் பிடிக்கும், அங்கே இணைப்பில் ஓர் இடைவெளி இருந்தால் முட்டிக்கு அதுவே எமன். மேட் விரித்ததும், அட்டவணை போட்டதும், டிக்கெட் விற்றதும் கமிட்டி. எது கையில் இருக்கிறதோ அதற்குத்தான் பொறுப்பும்.

லண்டனில் 1991 செப்டம்பர் 21 அன்று கிறிஸ் யூபாங்குடன் குத்துச்சண்டையில் மோதிய மைக்கேல் வாட்சனை வாத்தியாருக்குச் சொல். மூளையில் ரத்தக் கட்டி. வளையத்துக்குப் பக்கத்தில் உயிர் மீட்புச் சிகிச்சைக்கு ஏற்பாடு இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லை. குத்தியவர் மேல் அவர் வழக்குப் போடவில்லை, போட்டிக்கு விதி வகுத்த பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மேல்தான் போட்டார். 1999-ல் வென்றார், 2000-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் வாரியத்திடம் முழுத் தொகை கொடுக்கப் பணமில்லை, கடைசியில் 4 லட்சம் பவுண்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பு வந்தாலும், அவரிடம் காசு இல்லாவிட்டால் காயம்பட்டவன் கையில் காகிதம்தான் மிஞ்சும். அதனால்தான் மச்சான், பணம் மேட்சுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது.

எதிர் டீம் பையன் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். விதிப்படி கணுக்காலைப் பிடித்தவன் கொடுக்கக் கூடாது. அவனும் கூலிக்கு ஆடுகிற பிள்ளைதான். இரண்டு காலாலும் கத்திரி மாதிரி கவ்வியோ வாயைப் பொத்தியோ விதியை மீறிப் பிடித்திருந்தால் பேச்சு வேறு. இங்கிலாந்தில் 2003-ல் மான்செஸ்டர் யுனைடெட் ரிசர்வ் கால்பந்து அணிக்கு ஆடிய பென் காலெட்டின் கால், எதிராளியின் தவறான மோதலில் முறிந்தது. எதிராளியின் மிடில்ஸ்பரோ கிளப் பொறுப்பை ஒப்புக்கொண்டது, 2008-ல் நீதிமன்றம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அங்கேயும் மோதிய ஆட்டக்காரன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை, அவனை இறக்கிய கிளப் பக்கம்தான் பணம் வந்தது.

நம் சட்டம் என்ன சொன்னது? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் யார் யார் தொழிலாளி என்று ஓர் அட்டவணை இருந்தது. யானை பழக்குகிறவர் இருந்தார், பனை ஏறுகிறவர் இருந்தார். விளையாட்டு வீரர் என்று ஒரு வரி இருந்ததில்லை. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்க்கிறவனுக்கு முட்டி போனாலும் சம்பளம் வரும். நம் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2018-ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தொடைக் காயத்தோடு 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அவருக்குப் பின்னால் ரயில்வே வேலை இருந்தது. ஊர் ஊராக மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி ஆடப் போகிற பையனுக்கு முட்டிதான் வேலை, முட்டிதான் பி.எஃப்.

அந்தச் சட்டத்தில் அவனைத் தொழிலாளி என்று ஏற்றிருந்தால் கணக்கு எப்படி வரும் என்று போட்டுப் பார்த்தேன். 2020 ஜனவரியில் கணக்குக்கான மாதச் சம்பள வரம்பை 8,000-லிருந்து 15,000 ஆக்கினார்கள். நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000. பையனுக்கு வயது 25, அந்த வயதுக்குச் சட்டம் வைத்த பெருக்கல் எண் 216.91. பெருக்கினால் 19,52,190 ரூபாய். டாக்டர் "முட்டியில் 10 சதவீத ஊனம்" என்று எழுதி அதையே அப்படியே எடுத்துக்கொண்டால் 1,95,219. ஒரே முட்டி, ஒரே பையன், தொகை பத்தில் ஒன்று. விளையாட்டுக்காரனுக்கு நடக்கிற பெரிய அநியாயம் இந்த இடத்தில்தான். மாடி ஏறவும் சைக்கிள் மிதிக்கவும் முடிகிறது என்பதால் காகிதத்தில் ஊனம் குறைவு, பாடிப் போய்த் திரும்பி வர முடியாது என்பதால் பிழைப்பில் ஊனம் அதிகம்.

உச்ச நீதிமன்றம் இதை எப்போதோ பேசிவிட்டது. 1975-ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே வருமான இழப்பு 100 சதவீதம் என்றார்கள். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் இன்னும் தெளிவாக விளக்கினார்கள்: கை போனவர் டிரைவரோ தச்சரோ என்றால் இழப்பு ஏறக்குறைய முழுசு, அரசு குமாஸ்தா என்றால் அப்படி இல்லை. எந்த உறுப்பு போனது என்று மட்டும் பார்க்காதே, எந்தத் தொழில் போனது என்று பார். நம் பையனுக்கு 100 கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், கடையில் உட்காரலாம், கோச் ஆகலாம். ஆனால் 10 என்பது நிச்சயம் அநியாயம்.

பெரிய இடங்களிலும் ஓட்டை இருக்கிறது. தேசிய அணிக்கு ஆடப் போன கால்பந்து வீரர் காயம்பட்டால் ஃபிஃபா ஒரு நாளைக்கு 20,548 யூரோ வரை, ஒரு காயத்துக்கு 75 லட்சம் யூரோ வரை கொடுக்கும். யாருக்கு? அவருடைய கிளப்புக்கு, அது அவருக்குக் கட்டுகிற சம்பளத்துக்காக. ஒப்பந்தம் இருக்கும்வரை வீரருக்குச் சம்பளம் வந்துவிடும், நல்லதுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் முட்டி நொண்டுகிறதே, அந்த வருஷங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த வருஷத்துக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கமிட்டியில் படித்துக் காட்டு. மேட் விரிக்கும் முன்னாலேயே எல்லா ஆட்டக்காரருக்கும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு எடுங்கள். பிரீமியம் பரிசுத் தொகையிலிருந்தும் டிக்கெட்டிலிருந்தும் போகட்டும், பையன்களிடம் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். பேனர் செலவைப் பாதியாகக் குறைத்தால் போதும். பெயர், வயது, ஆதார் எண்ணோடு பட்டியல், பயிற்சி நாளும் உள்ளே வரும்படி தேதி. ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பான், நம்பாதே. மருத்துவக் காப்பீடுகளில் 'எக்ஸ்க்ளூஷன் 09' என்று ஒரு விதி உண்டு: ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்று அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது. மலையேற்றம், மோட்டார் பந்தயம் என்று சில பெயர் போட்டு, 'இவை மட்டும் அல்ல' என்றும் சேர்த்திருப்பார்கள். கபடியை அதற்குள் இழுக்க அந்த ஒரு சொல் போதும். விபத்து பாலிசியிலும் இப்படி விலக்கு ஒளிந்திருக்கும். "பணம் வாங்கி ஆடும் கபடிக்கும் பொருந்தும்" என்று பாலிசியிலேயே எழுதி வாங்கு. கை கால் துண்டானால் மட்டும் கொடுக்கிற பாலிசி நமக்கு உதவாது. வருஷம் 20 ரூபாய் கட்டுகிற பிரதமர் விபத்துக் காப்பீடு நல்ல திட்டம், எல்லாரும் எடுக்கட்டும், ஆனால் கிழிந்த ஜவ்வுக்கு அதில் ஒன்றும் வராது. சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாராந்தரத் தொகையும் சேர்த்துக் கேள்.

அரசு எங்கே என்பாய். மத்திய அரசின் வீரர் நல நிதி 1982-லிருந்து இருக்கிறது, பயிற்சியிலோ போட்டியிலோ பட்ட காயத்துக்கு 10 லட்சம் வரை உதவி உண்டு. ஆனால் அது நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்தவர்களுக்கான நிதி. இவன் தேசியப் போட்டி ஆடிய சான்றிதழ் இருந்தால் தேடி எடுக்கச் சொல், விண்ணப்பம் போட்டுப் பார்ப்போம். மாநில அரசின் நலிந்த வீரர் ஓய்வூதியம் முதுமைக்கானது, 25 வயதுக்கு அது பதில் ஆகாது. என்னைக் கேட்டால் அரசின் வேலை இவனுக்கு அடுத்த தொழிலைக் கற்றுக் கொடுப்பது. முதுகெலும்பு நொறுங்கிச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல் நம் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கினார். காயம் ஆறினால் மட்டும் போதாது, மனுஷன் மறுபடி பிழைக்க வேண்டும் என்ற யோசனை நம் ஊருக்குப் புதிதல்ல. முதல் செலவு மட்டும் ஆட்டத்தை நடத்துகிறவருடையதுதான். செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால்தான் மேட் இணைப்பைக் குனிந்து பார்ப்பார்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது: கமிட்டி லெட்டர் பேடில், பையன் இந்தத் தேதியில் இந்த மேட்சில் இவ்வளவு பணத்துக்கு ஆட வந்தான், ஆட்டத்தில் அடிபட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவோம்" என்று செயலாளர் பயப்படுவார். போடாவிட்டால் நீங்கள் கூட்டி வந்த பையனை நீங்களே கைவிட்டதாக ஆகும் என்று சொல். ரெஃப்ரியின் ஸ்கோர் ஷீட், யாராவது போனில் எடுத்த வீடியோ, அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஸ்கோர் ஷீட்டை வாத்தியாரிடம் கொடுத்து வைக்காதே, 98-ஆம் வருஷத்து ரசீது புத்தகத்தையே அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் பையனை ஏற்று. முட்டி மடங்காதபடி கடைசி நீளச் சீட்டில் உட்கார வை. புது பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். அவன் அப்பாவும் கூட வரட்டும், அவரிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

உன்
சத்துவாச்சாரிக்காரன்